கரண்ட் போன நேரத்தில் கிடைத்த நட்சத்திரம்: லென்ஸ் இல்லாத கேமராவுடன் வடக்குத்துக்கு

பெட்டி நிறையக் கண்ணாடிகளையும் திருகுகளையும் அடுக்கிக்கொண்டு அரசுப் பேருந்தில் ஏறத் துணியும் ஆய்வு மாணவர்கள் இந்தப் பூமியில் இன்னும் யாராவது இருந்தால், இந்தப் பதிவு அவர்களுக்குத்தான். மற்றவர்களும் படிக்கலாம். நெய்வேலிக்கு எப்படிப் போவது, எங்கே இறங்குவது, எதை நம்பக்கூடாது என்பதெல்லாம் உண்டு.

2012 கிறிஸ்துமஸ் விடுமுறை. வடநாட்டில் ஓர் ஆய்வகத்தில் நான் முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மூன்றாவது வருஷம். பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை பார்த்து, அந்த அக்டோபரில்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது ஊர் நடைமுறை. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் வடக்குத்தில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அந்த வீட்டை அதுவரை போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

வீட்டைப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதி என் பெட்டிக்குள் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்.

நாங்கள் ஆய்வகத்தில் அதிதீவிரப் புறஊதா ஒளி என்ற ஒன்றை உண்டாக்குகிறோம். ஊரளவு பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு மேஜை போதும். பலமான லேசர் துடிப்பை ஆர்கான் வாயுவுக்குள் குவித்தால் அந்த ஒளி வருகிறது. மிக மிகச் சின்னதைக்கூட அதனால் படமெடுக்கலாம். ஆனால் அது ஒரு ரோஷக்கார ஒளி. கண்ணாடிக்குள் நுழையாது, காற்றில்கூடச் செத்துப்போகும். எல்லாவற்றையும் வெற்றிடத்துக்குள் வைத்தாலும், கண்ணாடியில் செய்த சாதாரண லென்ஸ் எதற்கும் ஆகாது. அதனால் நாங்கள் லென்ஸே இல்லாமல் படமெடுக்கிறோம். சின்னப் பொருளின் மேல் ஒளியை விடுவோம். அது சிதறிப்போய்க் கேமராவில் புள்ளியும் வளையமுமாக ஒரு கோலம் விழும். அந்தக் கோலத்திலிருந்து பொருளின் உருவத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு மீட்டுக் கொடுக்கும். நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடப் போகவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒளியில் பல நிறங்கள் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு நிறமும் அதே கோலத்தைத் தன் தன் அளவில் போடும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போகும். வழக்கமான வழி, ஒரே ஒரு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வீணடிப்பது. எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் செய்தார். கொஞ்சநஞ்ச ஒளியில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்.

எனக்கு அந்த வீணடிப்பு பொறுக்கவில்லை. என் வழி வேறு. கதிரை இரட்டையாக்கி, ஒன்றை மற்றதைவிடத் துளித்துளியாகத் தாமதப்படுத்திக்கொண்டே போனால், கேமராவின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் ஏறி இறங்கும். சாதாரண வெளிச்சமாக இருந்தால், சிவப்பு ஒரு வேகத்தில் ஏறி இறங்கும், நீலம் இன்னொரு வேகத்தில். கிறிஸ்துமஸ் சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறப் பல்பும் தன் வேகத்தில் மினுக்கினால், கண்ணை இடுக்கிக்கொண்டு மங்கலாகப் பார்த்தாலும் மினுக்கும் வேகத்தை வைத்தே எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். அவ்வளவுதான் விஷயம். எந்த நிறமும் வீணாகாது.

பிப்ரவரியில் ஆய்வகத்தின் ஒளிமூலம் எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு வாரம் கிடைக்கும். அந்த வாரம் எந்த வழிக்கு என்று ஜனவரி முதல் வாரக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். என் கைடு கறாராகச் சொல்லிவிட்டார்: "சாதாரண வெள்ளை வெளிச்சத்திலாவது ஒரு படம் எடுத்துக் காட்டு. இல்லையென்றால் அந்த வாரம் ஒற்றை நிறக்காரருக்கு." அதற்கு முன் ஆய்வகம் விடுமுறைக்குப் பூட்டப்படும். அதனால்தான் ஒத்திகைக் கருவியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். அலுமினியத் தகடு ஒன்று, அதன்மேல் இரண்டு கண்ணாடிகள், கதிரைப் பிரித்துச் சேர்க்கும் கண்ணாடிக் கட்டை, டார்ச் லைட், லேசர் பாயின்டர், லென்ஸைப் பிடுங்கி எறிந்த வெப் கேமரா, ஒரு கண்ணாடியை மயிரிழைக்கும் குறைவாக நகர்த்தும் மோட்டார் பெட்டி. மூன்றாவது வருஷத்தில் கையில் ஒரு படமும் இல்லை. அந்த வாரம் போனால் நான் அந்தக் குழுவிலிருந்தே போன மாதிரிதான்.

இனி பயணம். டிசம்பர் 22, சனிக்கிழமை. சென்ட்ரலில் இறங்கி கோயம்பேடு வந்து, பகல் பன்னிரண்டரைக்கு கும்பகோணம் பஸ். விக்கிரவாண்டி வரை ரோடு நன்றாக இருந்தது. அங்கே இடது பக்கம் திரும்பிப் பண்ருட்டி வழியாகப் போகும்போதுதான் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்தரை மணி நேரம் பிடித்தது. டிக்கெட் நூற்றிருபது ரூபாய்க்குள். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "அதுல இன்னாம்மா, கொழந்தையா? இப்பிடி அணைச்சிகினு வர்றியே" என்று கேட்டார். "அதைவிட மோசம் அண்ணே" என்றேன். தன் மடக்கு இருக்கையை விரித்து, அதில் பெட்டியை இறுக்கமாக உட்காரவைத்தார். நல்ல மனிதர்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு முன்னாலேயே வடக்குத்தில் இறங்கிவிட வேண்டும். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு இது லேசில் வராது. பழக்க தோஷத்தில் ஆர்ச் கேட்டில் இறங்கி நின்றேன். திரும்பி வர ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். ஆட்டோ தெருவுக்குள் திரும்பியபோது இருட்டிவிட்டது. தெரு முழுக்க ஒரு விளக்கு இல்லை. மரங்களுக்கு அப்பால் டவுன்ஷிப் பக்கத்து வானம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். என் முதல் கேள்வியே அபத்தம். "ஏம்ப்பா, ஃப்யூஸ் போச்சா?"

உள்ளிருந்து மெழுகுவத்தியோடு வந்த அம்மாதான் சிரித்தாள். அம்மா குள்ளஞ்சாவடிக்காரி. இருபத்தெட்டு வருஷம் டவுன்ஷிப்பில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "ஃப்யூஸா? அடியே எமிலி, கரண்ட்டே இல்லடி. காலைல ஆறுலேருந்து ஒம்போது, மதியம் பன்னண்டுலேருந்து மூணு, சாயங்காலம் ஆறுலேருந்து எட்டு. நடுவுல அதுக்கு மனசு வந்தா வரும், இல்லன்னா இல்ல. நானு மாவாட்டறதே அதைப் பாத்துக்கினுதான்."

அந்த வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டைத் தெரியாத ஆள் இருந்திருக்க முடியாது, டவுன்ஷிப்பில் வளர்ந்து நேராக வடநாட்டு ஹாஸ்டலுக்குப் போன என்னைத் தவிர. டவுன்ஷிப்பில் கரண்ட் போனால் அது பிளாக் முழுக்கச் செய்தி. மின்சாரத்தைத் தோண்டியெடுக்கும் ஊருக்கு ஒரு ரோடு தாண்டினால் இருட்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. போனில் அம்மாவிடம் வீட்டுக்குக் கொசுவலை வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். கரண்ட் இருக்குமா என்று கேட்கவில்லை.

"ஒரு இன்வெர்ட்டர் வாங்கியிருக்கலாமே" என்றேன்.

அப்பாவின் முகம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுருங்கியது. "முப்பது வருஷம் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட்னு நின்னு நெலக்கரி எடுத்துக் குடுத்தேன். நானே கரண்ட்டு. என் வீட்டுக்கு நான் பாட்டரி வாங்கி வெக்கணுமா?"

"இதான் பாட்டு" என்றாள் அம்மா. "அக்கம்பக்கத்துல யாராண்டயும் பேசறதில்ல. இருட்டுல கெடக்கறத யாராவது எட்டிப் பாத்தா அவமானமாம்."

பெட்டியைத் திறந்தேன். முதல் அதிர்ச்சி: படமெடுப்பதற்காக ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த மாதிரிப் பொருள், பொன்வண்டுச் சிறகைவிட மெல்லிய ஒரு சவ்வு, பொடியாகிக் கிடந்தது. பண்ருட்டி ரோடு வேலையைக் காட்டிவிட்டது. மற்றதெல்லாம் பத்திரம். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா மெழுகுவத்தியை நகர்த்தி, "அதுல இன்னா இருந்துது?" என்று கேட்டாள். சின்னச் சின்ன ஓட்டைகள்தான் என்றேன். "ஓட்டை போடறதுக்கா அழுவற?" என்று தையல் டப்பாவை எடுத்து வந்தாள்.

மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாள், பாசி கோக்கும் ஊசி. ஒரு அரிசியின் முனையளவுக்குள் என்ன வேண்டுமானாலும் குத்து, ஆனால் தலைகீழாகத் திருப்பினால் ஒரே மாதிரி இருக்கிற உருவம் வேண்டாம், கணக்கு குழம்பும் என்றேன். "என்ன குத்துனேன்னு சொல்லக்கூடாது. வெளிச்சம்தான் எனக்குச் சொல்லணும்" என்றும் சொன்னேன். அம்மாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. முதுகைக் காட்டி உட்கார்ந்து குத்தி முடித்து, தாளை ஒரு அட்டைத் துண்டில் ஒட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, நடு அறைத் தரையில் கருவியை வைத்தேன். கரண்ட் இருந்தது. டார்ச் வெளிச்சமும் லேசர் வெளிச்சமும் இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிச் சேர்ந்தன. கேமராவின் ஓரத்தில் லேசர் போட்ட கறுப்பு சிவப்பு வரிகள் தெரிந்தன. கண்ணாடி எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும் அளவுகோல் அந்த வரிகள்தான். அவை அசையாமல் நின்றால்தான் என் வேலை. ஆனால் பேய் பிடித்த மாதிரி ஆடின.

ஃபேனை நிறுத்தினேன். ஆடின. ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். அப்போதும் ஆடின. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு போர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் கிரைண்டர், எதிரே இன்னொரு மோட்டார். கரண்ட் வந்தால் இந்தத் தெருவின் முதல் காரியம் தண்ணீர் ஏற்றுவதும் மாவாட்டுவதும்தான். யாரைக் குறை சொல்ல முடியும்? பன்னிரண்டு அடித்ததும் கரண்ட் போயிற்று. தெரு சட்டென்று அடங்கியது. வரிகள் அப்படியே நின்றன! மோட்டார் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். அடுத்த நொடியே விளங்கியது, என் மோட்டார் பெட்டிக்கும் கரண்ட் இல்லை.

ஆகக்கூடி நிலைமை இதுதான். கரண்ட் இருந்தால் தெருவே ஆடுகிறது. இல்லாவிட்டால் கண்ணாடியை நகர்த்த வழியில்லை. டவுன்ஷிப்பில் யார் குவார்ட்டர்ஸுக்காவது போகலாம் என்றால், தெரிந்தவர்கள் எல்லோரும் விடுமுறைக்குத் திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். பழுப்பு நிலக்கரி ஊரில் பிறந்தவளுக்கு, ஆய்வக வேலையிலும் அந்த ஒளி பட்டுக் கண்ணாடிமேல் படிகிற கரிதான் பெரிய எதிரி. இப்போது கரண்ட்டும் சேர்ந்துகொண்டது.

திங்கட்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். எப்படியும் பார்த்துவிடலாம் என்று பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். டார்ச்சும் லேசரும் அவற்றின் பாட்டரியில், கேமராவும் லேப்டாப்பும் லேப்டாப் பாட்டரியில். கையால் திருகைத் திருப்பினேன். விரல் பட்டதுமே நூறு வரிகள் ஓடி மறைந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன், அப்போதும் அப்படித்தான். இரண்டு மணிநேரம் இப்படியே போராடி, இரண்டு கதிர்களும் ஏறக்குறைய சமமாக வந்து சேரும் இடத்தை மட்டும் கண்டுபிடித்தேன். அங்கிருந்து மெல்ல, சீராக நகர்த்தவேண்டும். அது மட்டும் நடக்கவில்லை.

இந்த நேரத்தில் அப்பா காப்பியோடு வந்தார். இருட்டில் கால் இடறாமல் குனிந்து, எவர்சில்வர் டம்ளரை வைக்க இடம் தேடி, என் அலுமினியத் தகட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

"அப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். டம்ளரை எடுக்கக் கை நீட்டிய நான் அப்படியே நிறுத்திக்கொண்டேன். திரையில் வரிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஆடவில்லை, நகர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், சர்ச்சில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசை மாதிரி.

கொதிக்கிற காப்பி. அதன் சூட்டில் தகடு நீள்கிறது. நுனியில் இருக்கிற கண்ணாடி அதோடு சேர்ந்து பின்னால் போகிறது. எனக்கு வேண்டியதும் மயிரிழைக்கும் குறைவான அந்த நகர்வுதான்! எவ்வளவு நகர்ந்தது என்று எனக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை, லேசர் வரிகளே சொல்லிவிடும். நான் தரையில் உட்கார்ந்தபடியே குதித்தேன். "யாரும் நடக்காதீங்க! யாரும் மூச்சு விடாதீங்க! அப்பா, நீங்க தெய்வம்!"

"காப்பி ஆறுது" என்றார் அப்பா.

"ஆறட்டும்ப்பா. ஆறும்போது கண்ணாடி திரும்பி வரும். அதுவும் எனக்கு லாபம்."

பதிவு ஓட ஆரம்பித்தது. ஆய்வக ஒளி, ஒத்திகை, சீரியல் செட் என்று எல்லாக் கதையையும் கிசுகிசுத்து இருவருக்கும் சொன்னேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்து, கிரைண்டரில் கிடந்த ஊறின அரிசியை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். அவளுக்குக் கரண்ட் வரவேண்டும், முறுக்குக்கு மாவாட்டவேண்டும். எனக்கு மூன்று மணிவரை வரவே கூடாது. லேப்டாப் பாட்டரி பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதாவிடம் எதிரெதிராக வேண்டிக்கொண்டிருந்தோம்.

மாதா என் அம்மாவின் பக்கம் சாய்ந்துவிட்டாள். இரண்டரைக்கே கரண்ட் வந்தது. தெருவில் பிள்ளைகள் "ஹே" என்று கத்தினார்கள். எங்கள் ஃபேனும் ஃப்ரிட்ஜும் கிளம்பாதபடி அம்மா ஒரே தாவலில் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். மாவு போனால் போகட்டும் என்று அவள் வாயால் சொல்லவில்லை, செய்தே காட்டினாள். எதிர்வீட்டு மோட்டாரையும் கிரைண்டரையும் வரிகள் லேசாகத் துடித்துத் தாங்கிக்கொண்டன. ஆனால் ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் கிளம்பியதும் எல்லாம் கலைந்து ஆடத் தொடங்கிவிட்டன. எனக்குத் தேவையானதில் பாதிதான் தேறியிருந்தது. பாட்டரி இன்னொரு தடவைக்குத் தாங்காது. லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்றால், அடுத்த மின்வெட்டு பண்டிகை ராத்திரி ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, மறுநாள் பூசை முடிந்ததுமே சென்னையில் சாயங்கால ரயிலைப் பிடிக்கக் கிளம்பியாக வேண்டும்.

அப்பா சட்டைகூடப் போடாமல் வெளியே போனார். வந்த இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. ஜன்னல் போர்வைக்குப் பின்னாலிருந்து எனக்குக் குரல் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. முதல் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார் போலிருக்கிறது.

"ஏழுமலை, ஒரு உதவி. மோட்டார ஒரு அர மணி நேரம் நிறுத்த முடியுமா?"

"இன்னா சார், இப்பதான் போட்டேன். நேத்து நைட்லேருந்து தொட்டில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஷிப்ட் முடிச்சிட்டு ஒடம்பெல்லாம் கரியோட நின்னுகினு இருக்கறேன். வூட்ல எல்லாரும் காலைலயே கோயிலுக்குப் போயிருக்காங்க, நானு குளிச்சிட்டுதான் சோறே துன்னணும்."

அப்பா சொன்னார்: "என் பொண்ணோட படிப்பு இதுலதான் இருக்கு. எங்க தொட்டியில தண்ணி இருக்கு. எங்க வீட்டுல வந்து குளிங்க."

என் அப்பா ஒரு கான்ட்ராக்ட் ஆளைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று கேன்டீனில்கூட மேஜை பிரிந்து உட்கார்கிற ஊர் எங்களுடையது. மோட்டார் நின்றது. ஏழுமலை துண்டோடு எங்கள் கொல்லைப்பக்கமாகப் பூனைபோல வந்தார். சத்தம் வராமல் இருக்கச் சொம்பைத் தொட்டிக்குள் அமிழ்த்தி மொண்டு மொண்டு குளித்தார். அந்த அரை மணி நேரத்தில் காப்பி ஆறியது, கண்ணாடி திரும்பி வந்தது, மீதிப் பாதியும் கிடைத்தது. கடைசிப் படம் பதிவானபோது லேப்டாப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மோட்டார் போடலாம்!" என்று நான் கத்திய கத்தலுக்கு முதலில் ஓடியது அம்மாதான், மெயினைப் போட்டுக் கிரைண்டருக்கு.

கணக்கு ஓட இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஏழுமலை சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்து அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் படங்களைத் தாமதத்தின் வரிசையில் அடுக்கி, நிறங்களைப் பிரித்தேன். சிவப்புக்கு ஒரு கோலம், பச்சைக்குக் கொஞ்சம் சின்னதாய், நீலத்துக்கு இன்னும் சின்னதாய். குழம்பிக் கிடந்தது அத்தனையும் தெளிந்து தனித்தனியாக நின்றது.

"ஒரு சந்தேகங்க" என்றார் ஏழுமலை. "இத்தினூண்டு ஓட்டையப் பாக்க ஒரு பூதக்கண்ணாடி போதாதாங்களா?"

அப்பா அதிகாரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் போதும். இது ஒத்திகை. அங்க லேப்ல இருக்கிற வெளிச்சம் கண்ணாடிக்குள்ளயே போகாது. அதுக்குதான் இந்த வழி." மத்தியானம் நான் கிசுகிசுத்ததை அப்படியே ஒப்பித்தார்.

கோலங்களிலிருந்து உருவம் மெல்லத் திரண்டது. முதலில் ஒரு மூட்டம். பிறகு நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் ஐந்து. அப்புறம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போன நான்கு புள்ளிகள். வால் வைத்த நட்சத்திரம்! பெத்லகேமுக்கு வழி காட்டிய அதே நட்சத்திரம். லென்ஸ் இல்லை, ஒரு நிறமும் வீணாகவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அம்மா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "நான் வாலை அந்தாண்ட பக்கம் இல்லடி வெச்சேன்?"

தாளைப் பார்த்தேன். அவசரத்தில் திருப்பி மாட்டியிருந்தேன். படம் சரியாகத்தான் வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் நட்சத்திரத்தைத் திரையில் போட்டேன். கைடு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "வரிகள் இவ்வளவு அசையாமல் இருக்கின்றனவே, எந்த அதிர்வு தாங்கி மேஜை பயன்படுத்தினாய்?" என்றார். "மின்வெட்டு சார்" என்றேன். "நகர்த்தியது?" "காப்பி." அறை சிரித்து அடங்க நேரமாயிற்று. பிப்ரவரி வாரம் எனக்குக் கிடைத்தது. நிஜ ஒளியில், வெற்றிடத்துக்குள், முதல் படம் அந்த வாரம் வியாழக்கிழமை வந்தது. ஒற்றை நிறத்துக்காகக் காத்திருந்த அந்த நண்பர்தான் முதலில் கைதட்டினார்.

இப்போது, போக நினைப்பவர்களுக்கு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கும்பகோணம் பஸ் ஏறுங்கள். வடக்குத்து போகிறவர்கள் ஆர்ச் கேட்டுக்கு முன்னாலேயே இறங்கிவிடுங்கள், ஐம்பது ரூபாய் மிச்சம். கடலூரிலிருந்து என்றால் குள்ளஞ்சாவடி வழியாக வடலூர் வந்து பஸ் மாறலாம், அந்த ரோடு அப்போது கொஞ்சம் தேவலை. ரயில் நிலையம் உண்டு, ஆனால் உங்களுக்குத் தோதான நேரத்தில் ரயில் வரும் என்று நம்ப வேண்டாம். சுரங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், வாசலில் போய் நின்றால் ஆகாது. மெல்லிய பொருள் எதையும் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். ஊசி எல்லா ஊரிலும் கிடைக்கும். போகிற வீட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேலையைப் பொறுத்து, போகிற நேரம்தான் உங்களுக்கு நல்ல நேரமாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது படமெடுக்கும் முன் ஏசி, ஃபேன், தேவையில்லாத பம்ப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எல்லோரும் ஆடாமல் உட்காருகிறோம். அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். தமிழே தெரியாத பிள்ளைகள்கூட "வடக்குத்து போடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் போனில் இதை அப்பாவிடம் சொன்னேன்.

"எங்க ஊர் பேரையா? எதுக்கு வெச்சிருக்காங்க?"

"எல்லாத்தையும் நிறுத்தறதுக்குப்பா."

"முப்பது வருஷம் ஒரு ஷிப்ட்கூட நிறுத்தாம ஓட்டுனோம்மா நாங்க" என்றார் அப்பா. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. பின்னால் போர் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே அப்பாவின் குரல், சிரிப்பை அடக்க முடியாமல், சுவரைத் தாண்டிப் போனது.

"ஏழுமலை! அந்த மோட்டாரக் கொஞ்சம் நிறுத்துங்க! உங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும்!"